மரகதம் சோயாவின் தாய்

விருதுநகரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை முற்பகலில் ஒரு போன் வந்தது. திருச்சுழியிலிருந்து மரகதவல்லியின் தம்பி சுந்தரராசு பேசினான். எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றதால் முதலில் அவன் சொன்னது விளங்கவில்லை.

"தனம் அக்கா, அக்கா போயிட்டாக," என்றான் இரண்டாம் முறை. "காலையில காப்பி குடிச்சாக. புஞ்சையில ஈரம் இருக்கான்னு கேட்டாக. நான் பதில் சொல்றதுக்குள்ள தல சாஞ்சிருச்சு. சாயங்காலம் எடுக்கணும்."

"வாரேன்," என்றேன். போனை வைக்கப் போனவன் தயங்கிக் கேட்டான். "அந்தாளுக்குத் தாக்கல் சொல்லணுமாக்கா?"

"நீ சொல்ல வேண்டாம். தானா வருவாரு."

அந்தாள் யார் என்பது மரகதத்தோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் தெரியும். பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் மரகதமும் வேலை பார்த்த விதைப் பண்ணைக்கு அவர்தான் தலைவர். அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப் போவதில்லை. மரகதத்தின் பெயரை எழுதியே தீர வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்ட மனிதர் அவர். அதற்கு என்னால் முடிந்த கைமாறு இது.

அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற சாலையில், எண்ணெய் ஆலை முதலாளிகள் சிலர் சேர்ந்து அந்தப் பண்ணையை நடத்தினார்கள். எண்பதுகளின் தொடக்கம். கடலை விலை ஏறிக்கொண்டே போனது. சோயாவில் எண்ணெய் எடுக்கலாம், பிண்ணாக்கும் விலை போகும் என்று யாரோ அவர்களுக்கு ஆசை காட்டியிருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வயது. அவள் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண்; விவசாயியை எங்கள் பக்கத்தில் சம்சாரி என்போம். நான் அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் புதிய ரகங்களை உருவாக்கப் படித்தவள். நான் பயிர்களின் நோயைப் படித்தவள்.

முதல் வருடமே நோய் எங்களைத் தேடி வந்தது. முதலாளிகள் விதை கொடுத்து விதைக்கச் சொன்ன புஞ்சைகளில் எல்லாம் இலைகள் மஞ்சளாகப் புள்ளி விட்டு, பிறகு செடியே மஞ்சளாகிக் காய் பிடிக்காமல் நின்றது. மஞ்சள் தேமல் என்று அதற்குப் பெயர். வெள்ளை ஈ என்ற கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சி, ஒரு செடியில் உறிஞ்சிய நோயை அடுத்த செடியில் கொண்டுபோய் வைக்கும். மல்லாங்கிணற்றுச் சம்சாரி பெரியகருப்பன் ஒரு கட்டு மஞ்சள் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து அலுவலக மேஜைமேல் போட்டார். வேரில் இருந்த கரிசல் மண் காகிதங்கள் மீதெல்லாம் சிதறியது.

"புஞ்சை பூராம் மஞ்சக் குளிச்சுட்டு நிக்குது. யாருக்குக் கல்யாணம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

தலைவர் அவரை வெளியே போகச் சொன்னார். மரகதம் அந்தச் செடிகளைப் பொறுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்து, எந்தப் பக்கத்திலிருந்து மஞ்சள் முதலில் பரவியது, காற்று எப்படி அடித்தது, பக்கத்துப் புஞ்சையில் என்ன நின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அந்த ஆளு எங்க அப்பா மாதிரியே கோவப்படுதாரு. அவருக்குப் பதில் சொல்லாம நான் இந்த வேலைய விட மாட்டேன்."

பதில் ஒரு காட்டுக்கொடியில் இருந்தது. வெளியிலிருந்து வரவழைத்த விதைகளில் கறுப்பாக, மிளகைவிடச் சிறிதாக ஒரு விதை இருந்தது. சோயாவின் காட்டு உறவு. தரையில் படர்ந்து கிடக்கும். காய் முற்றினால் வெடித்துச் சிதறும். எண்ணெய்க்கு உதவாது. ஆனால் சுற்றியுள்ள எல்லாம் மஞ்சளான பிறகும் அது மட்டும் பச்சையாகக் கிடந்தது. அதைத் தாயாக வைத்து நம் சோயாவின் மகரந்தத்தைச் சேர்க்கப் போகிறேன் என்று மரகதம் சொன்னபோது தலைவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "கொடிய வளத்து வேலி கட்டப் போறியாம்மா? செய், செய். வேலிக்கு ஆகும் செலவு மிச்சம்."

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

சோயா பூ அரிசி அளவுதான் இருக்கும். மலர்வதற்கு முன்பே மொட்டை இடுக்கியால் பிரித்து, உள்ளே உள்ள மகரந்தத்தை எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் மொட்டு உதிர்ந்துவிடும். வெயில் ஏறுமுன் மரகதம் வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். முதலில் வந்த கலப்புச் செடிகள் எல்லாம் கொடியாகவே ஓடின. அவற்றில் நோய் தாங்கியதைப் பொறுக்கி மறுபடி நல்ல சோயாவோடு சேர்த்தாள். அதில் பொறுக்கி மறுபடி சேர்த்தாள். பருவம் பருவமாக இதே வேலை.

என் வேலை அவளுடைய பிள்ளைகளைக் கொல்லப் பார்ப்பது. கொசுவலைக் கூண்டுக்குள் நோய்ச் செடிகளில் வெள்ளை ஈக்களை வளர்த்து, அவள் வரிசைகளின் மேல் திறந்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் நின்று, "நல்லா விடு தனம். இரக்கம் பாக்காத. நீ விட்டதுக்குத் தப்புனா சம்சாரிகிட்டயும் தப்பும்," என்பாள். மஞ்சளான செடிகளை அவளே பிடுங்கி எறிவாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பாளையம்பட்டியில் ஆசிரியர், நல்ல குடும்பம். கார்த்திகையில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கார்த்திகையில்தான் சோயா பூக்கும். "பூவெல்லாம் முடியட்டும், தையில வரச் சொல்லுங்க," என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இதைப் பெரிய தியாகம்போல் யாராவது பேசினால் அவளுக்குப் பிடிக்காது. "பூ காத்திருக்காது. அவரு காத்திருக்கலாம்ல? காத்திருக்கல," என்று முடித்துவிடுவாள்.

ஒரு மார்கழியில், வேலியோரம் இருந்த வரிசை ஒன்று நிமிர்ந்து, மஞ்சள் நிற விதையோடு, காய் வெடிக்காமல், நான் விட்ட அத்தனை ஈக்களையும் வாங்கிக்கொண்டு கரும்பச்சையாக நின்றது. சுற்றிலும் எல்லாம் மஞ்சள். மரகதம் அந்த வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தாள். களையெடுக்கும் பெண்கள்தான் பெயர் வைத்தார்கள். பச்சையாக இருந்ததாலும் அவள் பெற்றதாலும் அது மரகதம் சோயா ஆயிற்று.

அடுத்த மாதம் மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில் தலைவர் அந்த ரகத்தைத் தன் கண்டுபிடிப்பு என்று அறிவித்தார். வேறு பெயர் வைத்தார். அச்சிட்ட கட்டுரையில் அவர் பெயர் இருந்தது. ஒப்புக்கு நன்றி சொன்ன இடத்தில் டிரைவர் பெயர்கூட இருந்தது. மரகதத்தின் பெயர் இல்லை. அவள் அந்தத் தாள்களோடு அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"எம்பேரு எங்க சார்?"

"பண்ணை பேரு இருக்குல்ல? நீ பண்ணையோட புள்ளதான மரகதம்."

"சார், அந்தக் கொடிய வேலிக்கு ஆகும்னு சொன்னீங்க."

"சம்பளம் ஒழுங்கா வருதுல்ல? போயி வேலையப் பாரு."

மறுநாள் அவளுக்கு வயல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதைக் கிட்டங்கியில் மூட்டை பார்க்கும் வேலை. படித்த பெண்ணை அவமானப்படுத்த அவருக்குத் தோன்றிய வழி அது. அவர் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனமும் அதுதான்.

ஏனென்றால் எல்லா விதையும் கிட்டங்கிக்குத்தான் வரும். வேலியோர வரிசையின் விதை கொஞ்சம்தான் இருந்தது. சீக்கிரம் விழா எடுத்துச் சம்சாரிகளுக்கு விதை விற்க வேண்டும் என்ற அவசரத்தில், தலைவர் பக்கத்து வரிசைகளின் விதையையும் அதோடு கலந்து பெருக்கச் சொன்னார். அந்தப் பக்கத்து வரிசைகள் பார்க்கப் பச்சைதான். ஆனால் அவற்றின் பிள்ளைகளில் பாதி மஞ்சளாகும். மரகதம் அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னாள். "சார், கலக்காதீங்க. அதுல நோய் இன்னும் ஒளிஞ்சு கெடக்கு."

"பொறாமையில பேசாத," என்றார் அவர்.

கலக்காமல் மிச்சம் இருந்த சுத்தமான விதை ஒரு சின்னச் சாக்கில் மூலையில் கிடந்தது. சோயா விதைக்கு ஆயுள் குறைவு. அடுத்த பருவத்தில் விதைக்காவிட்டால் முளைப்புப் போய்விடும். அவள் கண்ணெதிரிலேயே அது கிடந்து சாகட்டும் என்றுதான் அவர் விட்டிருந்தார். மதியச் சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியில் மரகதம் தினமும் சாயங்காலம் அந்த விதையைக் கொண்டுபோனாள். வாசலில் வாட்ச்மேன் தூக்கைத் தட்டிப் பார்த்து, "இன்னைக்கி என்ன குழம்பும்மா, கலகலங்குது?" என்பார். திறக்கச் சொன்னதில்லை.

இனி என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. "பேசாம இரு," என்றேன் நான். "அவரு வித்த விதை ஊர் பூராம் மஞ்சளாகட்டும். சம்சாரிகளே அவரை வேப்பமரத்துல கட்டி வைப்பாக. நாம ஒரு வெரல அசைக்க வேண்டாம்."

மரகதத்தின் முகம் மாறிவிட்டது. "தோக்க வேண்டியவரு அவரு. பெரியகருப்பன் எதுக்குடி தோக்கணும்? ரெண்டாந்தடவையா?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வித்த பெறகு இல்ல. விக்கிறதுக்கு முன்னாடி. எல்லாரும் பாக்க."

ஐப்பசி மழையில் திருச்சுழிக்குப் பக்கத்தில் தம்பியின் புஞ்சையில் இரண்டு விதையையும் அருகருகே விதைத்தாள். ஒரு பக்கம் அதே தூக்கில் கொண்டுவந்த தலைவரின் கலப்பு விதை, மறுபக்கம் அவளுடையது. சுற்றிலும் எளிதில் நோய் வாங்கும் பழைய சோயா. ஈ கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. புடவைத் துணி சுற்றிய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன்.

"என்னம்மா, கோழியா? லக்கேஜு போடணும்," என்றார் கண்டக்டர்.

"ஈ."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

விழா நாள் வந்தது. பண்ணையில் பந்தல், மைக், கூட்டத்துக்குச் சுண்டல். தலைவர் மேடைக்குப் பக்கத்தில் தன் ரகத்தை அழகாக நிறுத்தியிருந்தார்; ஈ அண்டாதபடி மருந்தாக அடித்துத் தள்ளியிருந்தார்கள். முதலாளிகளில் மூத்தவரை எல்லோரும் பெரிய முதலாளி என்பார்கள். வெள்ளை வேட்டி, அதிகம் பேசாத வியாபாரி. தலைவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். சம்சாரிகள் சார்பில் இரண்டு வார்த்தை பேசப் பெரியகருப்பனை அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"செடி பச்சையாத்தான் இருக்கு. இம்புட்டு மருந்தடிச்சா நான்கூடப் பச்சையா இருப்பேன். மருந்து அடிக்காத எடத்துல ஒண்ணு நிக்குது. மொதலாளி, ஒரு எட்டு வந்து பாத்துட்டு அப்பறம் விதை குடுங்க."

தலைவர் மைக்கைப் பிடுங்கப் போனார். பெரிய முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். காரிலும் டிராக்டர் டிரெய்லரிலுமாகக் கூட்டம் திருச்சுழிக்குக் கிளம்பியது. தலைவர் பெரிய முதலாளியின் காரில்தான் வர வேண்டியிருந்தது.

புஞ்சையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் பாதிக்குப் பாதி மஞ்சள். வரப்புக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் செடிகள் காய் குலுங்க நின்றன. அவள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அன்று பட்டுப் புடவை கட்டியிருந்தாள்.

"இது திருட்டு விதை!" என்று கத்தினார் தலைவர். "கிட்டங்கியில இருந்து திருடியிருக்கா!"

"திருடுனது இருக்கட்டும் மாப்ள," என்றார் பெரிய முதலாளி, மஞ்சள் செடி ஒன்றை ஒடித்துப் பார்த்தபடி. "நீங்க விக்கச் சொன்னது எதுக்கு இப்பிடிக் கெடக்கு?"

தலைவரின் கழுத்தில் விழாவில் போட்ட மாலை அப்படியே தொங்கியது. சம்சாரிகள் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் ஆசை தீரக் கேட்டேன். இதை எழுதும்போதும் இனிக்கிறது.

விதை விற்பனை நின்றது. ஆனால் தங்கை வீட்டுக்காரரை யார் விடுவார்கள்? அடுத்த வாரம் விதை திருடியதாகச் சொல்லி மரகதத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் உண்டாக்கிய விதையை அவள் திருடினாளாம். நானும் அந்த மாதமே விலகி இந்தக் கல்லூரிக்கு வந்துவிட்டேன்.

மரகதம் அழவில்லை. அறுவடை முடிந்ததும் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். வந்த சம்சாரிகளுக்கெல்லாம் படி படியாக விதை அளந்து கொடுத்தாள். விலை கிடையாது. ஒரே நிபந்தனை: "அடுத்த வருசம் நீங்க ரெண்டு பேருக்குக் குடுக்கணும். பேரு கேட்டா மரகதம் சோயான்னு சொல்லணும்." இரண்டு மூன்று பருவத்தில் மல்லாங்கிணறு, பாலவனத்தம், திருச்சுழி எங்கும் அது போய்விட்டது. பண்ணை புதிதாகப் பெருக்கிய விதையை வாங்க ஆளில்லை. மூட்டைகள் கிட்டங்கியில் முளைப்புச் செத்து ஆலைக்குப் போயின. அந்தச் செய்தி கேட்ட அன்று அவள் எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவர் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தார். சித்திரை வெயில். தற்செயலாக நானும் இருந்தேன். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது.

"பழசெல்லாம் விட்ருவோம் மரகதம். பண்ணைக்கு வந்துரு. கட்டுரையத் திருத்தி எழுதி ரெண்டாவதா உம்பேரையும் போட்ருவோம்."

"ரெண்டாவதாவா? செடிக்குத் தாய் ஒருத்திதான் சார்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சுந்தரராசுவின் மனைவி செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். மரகதம் அதை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் செம்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பிப் போனார். தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு மரகதம் அந்தத் தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றினாள்.

தொண்ணூறுகளில் பண்ணை படுத்துவிட்டது. அவர் மட்டும் படுக்கவில்லை. வேறு பெரிய இடத்துக்குப் போனார். மேடையில் அவரைச் சோயாவின் தந்தை என்றார்கள். மரகதம் புஞ்சையைப் பார்த்துக்கொண்டு, வருடா வருடம் விதையைச் சுத்தம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு திருச்சுழியிலேயே இருந்தாள். சிறுநீரகம் கெட்டு மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்த கடைசி வருடத்தில்தான் நான் அடிக்கடி போனேன். கை கால் வீங்கிக் கிடந்தவளிடம் மனசு பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன். "இன்னுமா அவரு மேல கோவம்? விட்டுட்டா உனக்கு லேசா இருக்கும்ல?"

"எனக்கு இப்பவே லேசாத்தான் இருக்கு," என்றாள். "கோவம் அது பாட்டுக்கு இருக்கு. நான் செத்தா அவரு மாலையோட வருவாரு தனம். நாலு பேரு முன்னாடி நல்ல மனுசனாகி, நான் அவருக்கு உதவியா இருந்தேன்னு சொல்லிட்டுப் போவாரு. விட்றாத."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்தார். நரைத்துப் போயிருந்தார். டிரைவர் ஆளுயர ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தெரு நிறையச் சம்சாரிகள். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன்.

"மாலை போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்த சோயா யாரு உண்டாக்குனது?"

"தனலட்சுமி, சாவு வீட்டுல..."

"சாவு வீட்டுலதான் கேக்கேன். சொல்லிட்டு உள்ள போங்க."

அவர் முனகினார். எனக்கே கேட்கவில்லை. பெரியகருப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். கிழவருக்குக் காது மந்தம், குரல் மட்டும் குறையவில்லை. "சத்தமாச் சொல்லுங்க! எல்லாருக்கும் கேக்கணும்ல!"

தெருவே அவர் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும், ஒரு பெயர். நானே வழிவிட்டிருப்பேன். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். மாலையை வாசல் சுவர்மேல் வைக்கச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

பறையடித்து மரகதத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுவர்மேல் கிடந்த மாலையை எதிர்வீட்டு வெள்ளாடு ஒன்று எட்டிப் பிடித்து இழுத்தது. இன்னும் இரண்டு ஆடுகள் சேர்ந்துகொண்டன. அத்தனை பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒருத்திகூட விரட்டவில்லை.

மரகதத்தின் விதை உங்களிடம் இருக்கிறது. அதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். அவளுடைய பொறுமையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுத்து வைத்திருப்பது அவளுடைய கோபத்தை. அது கெடாமல் இருக்கிறது. அவரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.